முதலில் கொம்பு

ஒன்றாம் வகுப்பில் ஆசிரியர் ‘தேன்’ என்கிறார். பிள்ளையின் காதில் முதலில் விழுவது ‘த்’, அடுத்து ‘ஏ’, கடைசியில் ‘ன்’. சிலேட்டிலோ முதலில் போட வேண்டியது இரட்டைக் கொம்பு. அது இரண்டாவதாகக் கேட்ட ஒலிக்கான குறி. காது ஒரு வரிசையில் கேட்கிறது, கை வேறு வரிசையில் எழுத வேண்டியிருக்கிறது. ‘கோழி’ என்றால் இன்னும் கஷ்டம்: ஒரே நெடில் ஒலிக்கு எழுத்தின் முன்னால் கொம்பு, பின்னால் கால். எழுதிப் பழகியவர்களுக்கு இது கண்ணில்கூடப் படாது. ஐந்து வயதுப் பிள்ளை ‘த’ எழுதிவிட்டு, அதற்குப் பின்னால் கொம்பை ஒட்டவைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது ‘கவனம் எங்கே?’ என்று கேட்பது அநியாயம். அது மிகுந்த கவனத்தோடு எழுதியிருக்கிறது, கேட்டதைக் கேட்ட வரிசையிலேயே. ஒலியைப் பிரிக்க அதற்குத் தெரிந்துவிட்டது, குறியின் இடம்தான் இன்னும் பிடிபடவில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதும் வேளையில் இந்தச் செய்தி ஆசிரியருக்குக் கிடைக்கவே கிடைக்காது. பார்த்து எழுதும்போது எல்லாப் பிள்ளைகளும் சரியாகத்தான் எழுதுவார்கள்.

சொல்வதெழுதுதலுக்கு நம் பள்ளிகளில் நல்ல பெயர் இல்லை. பத்துச் சொல், பத்து மதிப்பெண், தப்பான ஒவ்வொன்றையும் பத்து முறை எழுதி வரும் இம்போசிஷன் என்று அது சுருங்கிக் கிடக்கிறது. பல பெரியவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே சிவப்பு மையும் முட்டிக்காலும்தான் நினைவுக்கு வரும். அதன் எதிர்வினையாகச் சில புதுமுறைப் பள்ளிகள் அதை அடியோடு விட்டுவிட்டன. இரண்டுமே இழப்பு. எழுத்துக்கூட்டத் தொடங்கும் பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்று ஐந்தே நிமிடத்தில் காட்டக்கூடிய கருவி இதைப் போல் இன்னொன்று இல்லை. அது பரீட்சையாக இருக்கும்வரை பயமுறுத்தும், பாடமாக மாறினால் சொல்லித்தரும். அதோடு ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாய்விட்டு வாசிக்கும் பழக்கமும் சேர்ந்தால், முதல் இரண்டு ஆண்டுகளிலேயே வாசிப்பு கைவசமாகும்.

ஆங்கிலம் கற்பிப்பவர்கள் ஃபோனிக்ஸ் என்று சொல்வது, எழுத்தின் பெயரை விட்டு அதன் ஒலியைப் பிடிக்கும் முறை. தமிழுக்கும் இந்தச் சிக்கல் ஒருகாலத்தில் இருந்தது. பழைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ‘ஆனா, ஆவன்னா’ என்று தொடங்கி ‘கானா, காவன்னா’ என்று எழுத்தின் பெயர்களைத்தான் முழங்கினார்கள். பானாவையும் டானாவையும் எத்தனை முறை சேர்த்துச் சொன்னாலும் ‘பட’ என்று வராது. அந்தப் பெயர்கள் இன்று பெரும்பாலும் ஒழிந்துவிட்டன. ‘ப’ என்றே சொல்கிறோம், ‘ப’ என்றே ஒலிக்கிறது. இந்த விஷயத்தில் தமிழ்ப் பிள்ளை கொடுத்துவைத்தது.

ஆங்கில ஒலிவழிப் பாடங்கள் அகரவரிசையில் தொடங்குவதில்லை. எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்துகளின் ஒலிகளை முதலில் தருவது பரவலான வழக்கம். அந்த ஆறைக் கொண்டே ஏராளமான சின்னச் சொற்களைக் கட்டிவிடலாம் என்பதே காரணம். தமிழிலும் அகரத்தை விட்டுவிட்டு ட, ப, ம ஆகியவற்றில் தொடங்கும் வழக்கம் உண்டு. பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆன எழுத்துகள் என்பதால் கைக்கும் எளிது. புள்ளி வைக்கவும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று அந்த வாரத்திலேயே நான்கு சொற்களை வாசிக்கலாம், எழுதலாம். இந்த நான்கிலேயே ஒரு பெரிய பாடம் ஒளிந்திருக்கிறது. ‘பட்டம்’ என்று ஆசிரியர் சொல்ல, ஒரு பிள்ளை ‘படம்’ என்று எழுதுகிறது. புள்ளி வைக்க மறந்ததாகத் தோன்றும். பல நேரங்களில் காரணம் அது இல்லை. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு ஒரு கணம் நிற்கிறதே, அந்த நிறுத்தத்தைக் காது இன்னும் தனி ஒலியாக எண்ணவில்லை. அந்தப் பிள்ளையைப் பத்து முறை எழுதவைத்துப் பயனில்லை. ‘படம்’ என்றும் ‘பட்டம்’ என்றும் மாற்றி மாற்றிச் சொல்லவிட்டு, எதில் நாக்கு நிற்கிறது என்று அதையே கண்டுபிடிக்கச் செய்தால் போதும். அதன் பிறகு அம்மா, பாட்டி, தாத்தா, அக்கா எல்லாம் தானே வழிக்கு வரும். வீட்டில் பிள்ளை கூப்பிடும் உறவுப் பெயர்களில் பாதி இரட்டித்த மெய்யில்தான் நிற்கின்றன.

247 என்ற எண்ணைச் சொல்லி மிரட்டுவது ஒரு கெட்ட பழக்கம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, கூடவே உயிர்மெய்க் குறிகள். உண்மையில் கற்க வேண்டியது இவ்வளவுதான். 1978இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளின் தனி வடிவங்கள் போயின. ஆகார நெடில் என்றால் எங்கும் ஒரே கால், ஐகாரம் என்றால் எங்கும் ஒரே குறி என்றானது. அச்சுக்காக, தட்டச்சுக்காக என்று அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அதிகம் பயனடைந்தது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைதான். உகரத்தில் மட்டும் பழைய சுமை அப்படியே இருக்கிறது. கு, டு, மு ஒரு மாதிரி. சு, பு, வு இன்னொரு மாதிரி. து, நு, லு வேறொரு மாதிரி. ஊகாரத்தில் கூ, சூ, தூ ஒவ்வொன்றும் தனித்தனி. சொல்வதெழுதுதலுக்குச் சொல் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் இந்தக் குடும்பங்களைப் பிரித்து எடுத்துக்கொள்வது நல்லது. ஒரு நாள் குடம், முகம். அது நன்றாகப் பதிந்த பிறகு புல், சுவர். எல்லாவற்றையும் ஒரே நாளில் கலந்து கொட்டினால் பிள்ளைக்கு எதுவும் பதியாது.

எழுதிக்கொண்டே வாசிக்கக் கற்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதி, எழுதும்போதே உரக்கச் சொன்னார்கள். கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். 1787இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தைக் கண்காணித்து வந்தார். ஒரு காலை குதிரையில் போகும்போது உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் இல்லத்திலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த உதவி ஆசிரியர் முடியாது என்றுவிட்டார். பெல் அந்த வேலையை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் கொடுத்தார். சாதாரணச் சிப்பாயின் மகன். அவன் செய்து காட்டினான். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருவதும் இங்கே சட்டாம்பிள்ளை வழியாக ஏற்கெனவே நடந்துவந்ததுதான். பெல் இதையெல்லாம் எழுதி 1797இல் லண்டனில் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் உருவான பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றுதான் பெயர். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே ஆசிரியரிடம் ஒப்படைத்துச் செலவைக் குறைக்கும் வழியாக அந்த முறை பின்னால் தேய்ந்துபோனது. சட்டாம்பிள்ளைகளின் அதிகாரத்தையும் திண்ணைப் பள்ளிகளின் தண்டனைகளையும் யாரும் போற்ற வேண்டியதில்லை. விரல் மணலில் கீறும்போது வாய் அந்த ஒலியைச் சொன்னதே, அதுதான் அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது.

மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியிலும் இதே வேலைதான் நடந்தது. மணலுக்குப் பதில் உப்புத்தாள். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவிக்கொண்டே பிள்ளை அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். வாசிக்கத் தெரிவதற்கு முன்பே பிள்ளைகள் எழுதத் தொடங்கிவிட்டதை அவர் பதிவு செய்தார். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர் மூண்டுவிட்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். எழுதுவதும் வாசிப்பதும் ஒரே அறிவின் இரண்டு பக்கம் என்பதைப் பின்னால் லின்னியா எரி போன்ற உளவியல் ஆய்வாளர்கள் சோதனைகளால் உறுதிசெய்தார்கள். ஒலியைப் பிரித்து எழுதப் பழகிய பிள்ளைகள் சொற்களை வாசிப்பதிலும் முன்னேறினார்கள் என்று 1987இல் வந்த அவருடைய ஆய்வு காட்டியது.

தமிழில் வாசிப்பு எளிது, எழுதுவது கடினம். கண்ணால் பார்த்த எழுத்தை ஒலிக்க அநேகமாக ஒரே வழிதான் இருக்கிறது. காதால் கேட்ட ஒலியை எழுதப் பல வழிகள் உண்டு. மரம், மறம், கரி, கறி, மனம், மணம், பல்லி, பள்ளி. குமரி மாவட்டம் போன்ற சில இடங்களைத் தவிர, ரகரத்தையும் றகரத்தையும் பேச்சில் பிரித்துச் சொல்பவர்கள் குறைவு. ழகரம் ஓரிடத்தில் ளகரமாகவும் இன்னோரிடத்தில் யகரமாகவும் போய்விடுகிறது. ஆசிரியரே ‘வாளப்பளம்’ என்று சொல்லிவிட்டுப் பிள்ளை அப்படியே எழுதியதற்கு மதிப்பெண் குறைத்தால் அந்தத் தப்பு யாருடையது?

சில இடங்களில் விதி கைகொடுக்கும். சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னாலும் வருவது ‘ந’: நிலா, பந்து. டகரத்துக்கு முன்னால் ‘ண்’: வண்டி, நண்டு. றகரத்துக்கு முன்னால் ‘ன்’: கன்று, தென்றல். தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்று பழைய ஆசிரியர்கள் வைத்த பெயர்களுக்குள்ளேயே இந்தக் கூட்டாளிகள் இருக்கிறார்கள். ‘ரெண்டு சுழி, மூணு சுழி’ என்று உருவத்தை மட்டும் சொல்லித்தந்தால் இந்த உதவி பிள்ளைக்குக் கிடைக்காது. விதி இல்லாத இடத்தில், அதாவது பள்ளியா பல்லியா என்பதில், காது மட்டும் போதாது. அந்தச் சொல்லைக் கண்ணால் பலமுறை சந்தித்திருக்க வேண்டும். ஆகவே பிள்ளை வாசித்திராத சொல்லை எழுதச் சொல்லவே கூடாது. கற்ற எழுத்துகளால் ஆன, ஓரிரு முறையாவது வாசித்த சொல்லைத்தான் சொல்ல வேண்டும். சொல்லைத் தனியாகவும் ஒரு வாக்கியத்தில் வைத்தும் சொல்லலாம். பிள்ளை அதைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டு எழுதட்டும். எழுதிய உடனே சரியான சொல்லைக் கரும்பலகையில் காட்டி, அதுவே ஒப்பிட்டுத் திருத்தட்டும். நோட்டை வாங்கிக்கொண்டு போய் மூன்றாம் நாள் திருப்பித் தருவதில் பிள்ளைக்கு ஒரு லாபமும் இல்லை. ‘பள்ளிக்குப் போனான்’ என்பதில் அந்த ‘ப்’ விட்டுப்போனதற்கு ஒன்றாம் வகுப்பில் தப்புப் போடவும் வேண்டாம். பெரிய எழுத்தாளர்களே தடுமாறும் இடம் அது.

வாசிப்புக்கு வருவோம். ‘அம்… மா… க… டை… க்… குப்… போ… னா… ர்’ என்று ஒரு பிள்ளை முக்கி முக்கி வந்து சேரும்போது, வாக்கியத்தின் தொடக்கம் அதன் நினைவிலிருந்து நழுவியிருக்கும். யார் போனார் என்று கேட்டால் விழிக்கும். அதை அறிவுக் குறை என்று எண்ணிவிடுகிறார்கள். எழுத்தை ஒலியாக்கும் வேலையே மனம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் பொருளுக்கு இடம் இருக்காது. 1974இல் லபெர்ஜ், சாமுவேல்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதைக் கோட்பாடாகவே எழுதினார்கள். அதே சாமுவேல்ஸ் 1979இல் ஓர் எளிய பயிற்சியை முன்வைத்தார். சின்னப் பத்தி ஒன்றைச் சரளம் வரும்வரை பிள்ளை திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும், பிறகே அடுத்தது. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் அளித்த அறிக்கையும், ஒருவர் உடனிருந்து திருத்த வாய்விட்டு மறுபடி மறுபடி வாசிப்பது பலன் தருகிறது என்றே சொன்னது.

நம் ஊரில் திரும்ப வாசிப்பது என்றால் உடனே வகுப்பு முழுவதும் சேர்ந்து கத்துவதாக ஆகிவிடுகிறது. அதில் ஒரு ஆபத்து உண்டு. மூன்றாம் நாளில் பாடம் முழுவதும் மனப்பாடம் ஆகிவிடும். பிறகு பிள்ளையின் கண் ஜன்னலில் இருக்கும், வாய் மட்டும் பாடத்தில் இருக்கும். பக்கம் முழுவதையும் பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம் நடுவரியில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டால், முதல் வரியிலிருந்து மனத்துக்குள் ஓடி வந்துதான் பதில் சொல்லும். அதே சொல்லை எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். மனப்பாடத்தையும் வாசிப்பையும் பிரித்துக்காட்ட இதைவிட நேர்மையான சோதனை வேண்டாம். ஆகவே பயிற்சி இருவர் இருவராக நடக்கட்டும். ஒருவர் விரல் வைத்து வாசிக்க, மற்றவர் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டும். எட்டு வரிக்கு மேல் வேண்டாம். காலையில் இருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை, வீட்டில் பாட்டியிடம் ஒருமுறை. மறுநாள் அந்தப் பத்தியிலிருந்தே ஐந்து சொல் எடுத்து எழுதச் சொல்லலாம்.

வேகத்தைக் கடிகாரம் வைத்து அளப்பது இப்போது பெருகிவருகிறது. மத்திய அரசு 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள் என்று இலக்கு வைத்தது. ஆனால் சொல் என்பது எல்லா மொழியிலும் ஒரே அளவா? ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்பது தமிழில் ஒரு சொல், எழுத்தோ பன்னிரண்டு. ஆங்கிலத்தில் அதே பொருளைச் சின்னச் சின்னதாக மூன்று சொற்களில் சொல்லிவிடலாம். அந்தப் பிள்ளைக்கு மூன்று மதிப்பு, தமிழ்ப் பிள்ளைக்கு ஒன்று. 2022இல் என்.சி.இ.ஆர்.டி. நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு, 20 மொழிகளுக்கும் தனித்தனியே வாசிப்பு அளவுகோல் வகுத்தது சரியான முடிவு. ஆங்கிலத்தின் அளவைத் தமிழ்ப் பிள்ளையின் தலையில் கட்டக்கூடாது. கடிகாரத்தைக் கண்டதும் நிறுத்தக்குறியெல்லாம் விழுங்கி ஓடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கேள்விக்குறி வந்த இடத்தில் குரல் கேள்வியாக உயர்கிறதா, ‘அம்மா கடைக்குப் போனார்’ என்பதில் கடையும் போவதும் ஒரே மூச்சில் சேர்கின்றனவா என்று கேட்க ஆசிரியரின் காது வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பதுதான் ஆசிரியர்களின் நியாயமான கேள்வி. தமிழ்நாட்டின் எத்தனையோ ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்று வகுப்புகள் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் இருக்கின்றன. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்தது. அப்படிப்பட்ட அறைக்குச் சொல்வதெழுதுதல் நன்றாகவே பொருந்தும். ஆசிரியர் ‘மாடு புல் மேய்ந்தது’ என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லலாம். அரும்பில் இருப்பவர்கள் முதலில் கேட்ட எழுத்தான ‘மா’வை மட்டும் எழுதுவார்கள். மொட்டில் இருப்பவர்களுக்கு ‘மாடு’, ‘புல்’. மலர்ப் பிள்ளைகளுக்கு முழு வாக்கியம். எழுதி முடித்ததும் சிலேட்டை மாற்றிக்கொண்டு ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிப்பார். பத்து நிமிட வேலை. மூன்று நிலைப் பிள்ளைகளும் எழுதிவிடுகிறார்கள், வாசித்தும்விடுகிறார்கள்.

அந்தச் சிலேட்டுகளில் நான்கைந்தில் ‘மேய்ந்தது’ என்பது ‘மேஞ்சது’ என்று வந்திருக்கும். அதில் சிவப்புக் கோடு போடுவதற்கு முன் ஆசிரியர் கவனிக்க வேண்டியது நிறைய. ஏகாரக் கொம்பு இடம் மாறாமல் மகரத்துக்கு முன்னால் நிற்கிறது. சகரத்துக்கு முன்னால் அதன் கூட்டாளியான ‘ஞ்’ சரியாக வந்திருக்கிறது, அதை யாரும் தனியாகச் சொல்லித்தரவில்லை. பிள்ளை தன் வீட்டில் பேசுவதை ஒலி பிசகாமல் எழுதியிருக்கிறது. ‘சரியாகக் கேட்டு எழுதியிருக்கே. வீட்டுல மேஞ்சதுன்னு சொல்றோம், புத்தகத்துல எப்படி எழுதுவோம், பாரு’ என்று சொல்லிக் கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டலாம். காய்ந்தது, பாய்ந்தது, சாய்ந்தது என்று மறுநாளுக்கான சொற்கள் அங்கேயே கிடைத்துவிடுகின்றன.